ஊலா பாலத்தில் ஒரு கொடி

“பாலம் வரைக்கும் பாதை இருக்கிறது. பாலத்துக்கு அப்பால் இன்றைக்கு யாருடைய ஆட்சி என்பதை என்னால் சொல்ல இயலாது. தயவுசெய்து போகாதீர்கள்!”

விடுதி உரிமையாளர் இவ்வாறு கேட்டுக்கொண்டபோது, தமயந்தி ஐஸ் பெட்டியின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் இன்சுலின் குப்பிகள் இருந்தன. அவற்றைக் கொண்டு சேர்ப்பதற்காகவே அவர் திருச்செங்கோட்டிலிருந்து கடல் கடந்து, சம்பேரா என்னும் அந்த ஆப்பிரிக்க நாட்டின் தலைநகருக்கு வந்திருந்தார்.

அவருடைய அண்ணன் நாச்சிமுத்து, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் பொறுப்பாளர். தொரோபா என்ற வறண்ட சிற்றூருக்குத் தண்ணீர் தேடிப் போயிருந்தார். அந்த வேளையில்தான் தேர்தல் முடிவைப் பற்றிய தகராறு மூண்டது. பச்சைக் கொடியை உடைய ஆளுங்கட்சியினர் ஒருபுறமும், ஆரஞ்சுக் கொடியை உடைய எதிர்க்கட்சியினர் மறுபுறமும் சாலைகளை மறித்தார்கள். நாச்சிமுத்து சிறுவயது முதல் இன்சுலின் ஊசியை நம்பி வாழ்பவர். தொலைபேசிக் கோபுரம் செயலிழப்பதற்கு முன் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: “மருந்தைப் பாதிப் பாதியா போட்டுட்டு இருக்கறன் அம்மணி. ரொம்ப நாளைக்கு ஓட்ட முடியாது.”

புதையல் தேடிப் புறப்படுவோர் வெறுங்கையோடு போவார்கள். இவர்களோ புதையலை மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள்!

ஜீப்பை ஓட்டியவர் தமயந்தியின் சித்தப்பா மகன் சென்னியப்பன். வழிகாட்டவும் மொழிபெயர்க்கவும் உடன் வந்தவர் யோசியா. சம்பேராவைச் சேர்ந்த அவர், ரிக் வண்டிக்காரர்களுடன் பல ஊர்கள் சுற்றி அவர்களுடைய கொங்குத் தமிழைச் சரளமாகக் கற்றிருந்தார்.

“மூணு விசயமுங்க,” என்றார் யோசியா. “இருட்டுனதுக்கப்புறம் வண்டி ஓட்டக் கூடாது. யாரையும் போட்டோ எடுக்கக் கூடாது. ஒவ்வொரு ஊர்லயும் எறங்கி, நாங்க இன்னாரு, இன்ன எடத்துக்குப் போறமுன்னு சொல்லிட்டுத்தான் போகோணும்.”

“ஒவ்வொரு ஊர்லயும் எறங்குனா, ஐஸ் உருகி ரசமாயிரும் யோசியா!” என்று சிரித்தார் சென்னியப்பன்.

முதல் சோதனைச் சாவடியிலேயே வாகனங்கள் நெடுந்தூரம் வரிசையில் நின்றன. வெயிலோ கொளுத்தியது. சென்னியப்பன் இறங்கிப் போனார்; சற்று நேரத்தில் ஒரு பச்சைக் கொடியுடன் திரும்பினார். அதைப் பெட்டிக்கடையில் வாங்கினாராம்.

“டே சென்னி, என்னடா இது?” என்று தமயந்தி திடுக்கிட்டார்.

“நம்மூர்ல கட்சிக் கொடி கட்டுன வண்டிய எந்தப் போலீஸு நிறுத்துதுக்கா? டோல்கேட்லயே கும்பிடு போட்டு உடுவாங்க!”

யோசியா பாய்ந்து அக்கொடியைப் பிடுங்கினார். “ஏனுங்க, உங்களுக்குப் பைத்தியமுங்களா? இது உங்கூருக் கொடியில்லீங்க! வேண்டாமுங்க!”

சென்னியப்பன் அதைத் திரும்பப் பறித்து, யோசியாவைத் தோளால் தள்ளிவிட்டு, முன்பக்கக் கம்பியில் கட்டினார். யோசியா தமயந்தியின் முகத்தைப் பார்த்தார். தமயந்தி ஐஸ் பெட்டியைப் பார்த்தார். பெட்டியின் அடியிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியிருந்தது.

“இந்த ஒரு எடத்துக்கு மட்டும் இருக்கட்டும்,” என்றார் தமயந்தி தாழ்ந்த குரலில்.

மாயம் போல வழி திறந்தது! சிப்பாய்கள் கையசைத்து அனுப்பினார்கள். அடுத்த சாவடியிலும் அவ்வாறே. ஜீப் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, முட்காடுகளைப் பிளந்து பறந்தது. ஊலா ஆறு கண்ணில் படுவதற்கு முன் யோசியா வண்டியை நிறுத்தச் செய்தார். “இனி அந்தப் பக்கத்துக்காரங்க எடமுங்க. அதக் கழட்டிப் பொதருக்குள்ள வீசுங்க.”

சென்னியப்பன் கழற்றினார், ஆனால் வீசவில்லை. திரும்பும்போது உதவுமே என்றெண்ணி, அதை மடித்து இருக்கைக்கு அடியில் செருகிவிட்டார்.

பாலத்தின் குறுக்கே மரக்கட்டைகள் கிடந்தன. கழுத்தில் ஆரஞ்சுத் துணி கட்டிய இளைஞர்கள் வெட்டுக்கத்திகளுடன் ஜீப்பைச் சூழ்ந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் தெனேபா என்ற பெண்மணி. சோதனை தொடங்கியது. இருக்கை தூக்கப்பட்டது. பச்சைத் துணி வெளியே வந்து விழுந்தது!

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தெனேபா கத்தவில்லை. கொடியை எடுத்து, மெதுவாக ஏதோ சொன்னார். யோசியா அதைத் தமிழில் சொன்னார்.

“இவங்க தம்பியப் பச்சைக் கொடி கட்டுன வண்டியிலதான் ஏத்திட்டுப் போனாங்களாமுங்க. இன்னும் திரும்பி வல்லீங்களாம்.”

தெனேபா மீண்டும் பேசினார். யோசியா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். “நீங்க வெளியூருக்காரங்களாம். தெரியாம செஞ்சிருப்பீங்களாம். மருந்த எடுத்துட்டு நீங்க ரெண்டு பேரும் போலாமுங்க. நான்... தெரிஞ்சே செஞ்சவனாம். நான் இங்கயே இருக்கோணுமுங்க.”

தமயந்தியின் கைகள் ஐஸ் பெட்டியை இறுகப் பற்றின. பாலத்துக்கு அப்பால் வண்டித்தடம் ஒன்று தெரிந்தது. அதன் முடிவில் அண்ணன் இருந்தார். ‘போய்விடு’ என்று கால்கள் கெஞ்சின. அவர் ஓரடி எடுத்தும் வைத்தார். பின்னர் நின்றுவிட்டார்.

“இவரில்லாம நாங்க போகமாட்டோம். சொல்லுங்க யோசியா.”

“கொடி கட்டுனது நானு!” என்று சென்னியப்பன் அலறினார். “இவரு வேண்டாமுன்னுதான் தலதலயா அடிச்சுக்கிட்டாரு! அதயும் சொல்லுங்க!”

யோசியா சொன்னார். ஆனால் தெனேபா உதட்டைச் சுழித்தார். தன்னைக் காத்துக்கொள்ளத் தானே மொழிபெயர்ப்பவனை எப்படி நம்புவது?

அப்போதுதான் சென்னியப்பன் ஒரு காரியம் செய்தார். தெனேபாவின் கையிலிருந்த கொடியைச் சுட்டிக்காட்டி, பணிந்து, அதைத் தருமாறு சைகையால் வேண்டினார். பெற்றுக்கொண்டு ஜீப்பின் முன்னால் போய் நின்றார். கடைக்காரரிடம் கொடி வாங்குவதுபோல் நடித்தார். மார்பை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, பெரிய மனிதர் நடை நடந்தார். பிறகு இந்தப் பக்கம் தாவி யோசியாவாக மாறினார். தலையில் அடித்துக்கொண்டு கொடியைப் பிடுங்கினார். மறுபடி அந்தப் பக்கம் தாவித் தானாகவே ஆகி, இல்லாத யோசியாவைத் தோளால் இடித்தார். இடித்த வேகத்தில் தானே கால் இடறிப் புழுதியில் குப்புற விழுந்தார்!

ஓர் இளைஞர் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். தெனேபா சிரிக்கவில்லை, ஆனால் யோசியாவை இப்போதுதான் முதன்முறையாக உற்றுப் பார்த்தார்.

சென்னியப்பன் எழவில்லை. அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, தன்னைச் சுட்டி, தரையைச் சுட்டினார். “நான் இருக்கறன். அவங்க போகட்டும்.”

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

தெனேபா ஜீப்பின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, தம் ஆட்களில் ஒருவரைத் துணைக்கு அனுப்பினார். தமயந்தியும் யோசியாவும் பெட்டியை மாற்றி மாற்றிச் சுமந்து, பாலத்தையும் ஆற்று மணலையும் கடந்து, முட்காட்டுக்குள் ஓட்டமும் நடையுமாக விரைந்தார்கள். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் துணைக்கு வந்தவர் நின்று செய்தி சொன்னார். அந்தத் தாமதத்தைத் தமயந்தி குறை கூறவில்லை. ஒரு மூதாட்டி தம் பானையிலிருந்து குளிர்ந்த நீர் மொண்டு கொடுத்தார். ஈரச் சாக்கைப் பெட்டிமேல் சுற்றியும் விட்டார்.

தொரோபாவில் நாச்சிமுத்து ரிக் வண்டியின் நிழலில் கிடந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, நாக்கு வறண்டிருந்தது. தங்கையைக் கண்டதும், “தண்ணி வந்துருச்சு அம்மணி, நல்ல தண்ணி,” என்றார்.

“தண்ணிய அப்பறம் பாக்கலாம், கையை நீட்டுண்ணா!” என்று அதட்டியவாறே ஊசியைப் போட்டார் தமயந்தி. அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

நாச்சிமுத்து சற்றுத் தெளிந்ததும், ஊரார் அவரைக் கழுதை வண்டியில் ஏற்றிப் பாலத்துக்கு அழைத்து வந்தார்கள். அங்கே சென்னியப்பன் அந்த இளைஞர்களின் நடுவே மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

“இங்க பாருக்கா, தோல் தடிமனாப் போகுதுன்னு திட்டறாங்க! பாசை தெரியாட்டியும் திட்டு மட்டும் நல்லாப் புரியுது.”

தெனேபா ஜீப்பின் சாவியைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். நோயாளியைப் பார்த்தார். பிறகு ஓர் இளைஞரை மோட்டார் சைக்கிளில் ஆற்றோர ஊர்களுக்கு முன்னே அனுப்பினார், மருந்து வண்டி வருகிறது, விடுங்கள் என்று சொல்லும்படி. தமயந்தி அவர் கையைப் பற்றி, “உங்க தம்பி திரும்பி வரணும்,” என்றார். யோசியா அதை மொழிபெயர்த்தபோது தெனேபா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையை மட்டும் உடனே விடுவிக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒவ்வோர் ஊரிலும் இறங்கினார்கள். அரசுத் தரப்புச் சாவடிகளில் பெட்டி படுக்கை முழுவதையும் கொட்டிக் காட்ட நேர்ந்தது, பொறுமையாகக் காட்டினார்கள். நாச்சிமுத்து தலைநகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஆபத்து நீங்கிவிட்டது என்று மருத்துவர் தெரிவித்ததும், சென்னியப்பன் தாழ்வாரத்திலேயே ஒரு சுற்று ஆடி, செவிலியரிடம் ஏச்சு வாங்கினார்!

தமயந்தி யோசியாவை வெளியே அழைத்துச் சென்றார். “பாலத்துல நான் ஓரடி முன்னால வெச்சன். உங்கள உட்டுட்டு. நீங்க பாத்தீங்க.”

“பாத்தனுங்க அம்மணி,” என்றார் யோசியா. “அப்பறம் நின்னதையும் பாத்தனுங்க.”

பிறர் வீட்டுச் சண்டைக்குள் நுழைய நேர்ந்த விருந்தாளி, எந்தப் பக்கத்துச் சட்டையையும் இரவல் வாங்கி அணியாதிருப்பது நல்லது. அவர் ஊருக்குத் திரும்பிவிடலாம். உடன் வந்தவர் அங்கேயே வாழ வேண்டியவர். இவ்வளவே தமயந்தியும் சென்னியப்பனும் அப்பயணத்தில் கற்றது.

“போலாங்களா? எங்க வீட்ல சோறு ஆறுதுங்க,” என்றார் யோசியா. பின்னால் வந்து சேர்ந்த சென்னியப்பன் ஜீப் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.