அலமாரிக்குள் ஒரு மெத்தை

அலமாரியிலிருந்து ஒரு சின்ன மெத்தை பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. அடுத்து டார்ச்.

"இனிமே இதெல்லாம் வேணாம்!" என்றார் கணவர்.

அன்று மாலை அவர்கள் நாடகக் குழுவின் மூன்று குறுநாடகங்கள். மேடைக்கான சோபாவும் அலமாரியும் எப்போதும் இந்த வீட்டிலிருந்துதான் போகும். அலமாரிக்குப் பின்பலகை கிடையாது. அவள் அதற்குள் மெத்தை போட்டு உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் நோட்டைப் பார்த்து, கணவர் மறந்த வசனங்களை எடுத்துக் கொடுப்பாள். பதினேழு வருஷம். ஒரு நாடகத்தைக்கூட எதிரில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"நான் என்ன தப்பு பண்ணேங்க...?"

"போன தடவை உன் குரல் மூணாவது வரிசை வரைக்கும் கேட்டுதாம். தங்கச்சி சொன்னா. டாக்டர் நடிச்சாரா, டாக்டர் பொண்டாட்டி நடிச்சாளான்னு எல்லாரும் சிரிக்கிறாங்க!"

"மூச்சுக் காத்துலதானே சொன்னேன்..."

"பொய்! கைதட்டல்ல உனக்கும் பங்கு வேணும். இன்னைக்கு நீ வாயே திறக்கக் கூடாது!"

அவர் பல் டாக்டர். எதிரில் இருப்பவர்கள் வாயைத் திறந்தே வைத்திருப்பார்கள். ஆனால் பதில் சொல்ல முடியாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"என்னோட... அது... எங்க அது?"

"கண்ணாடி. நெத்தியில இருக்கு."

அவர் போனதும் மாமியார் சொன்னார்: "காலையில குளிக்கும்போது ஒத்திகை பார்த்தான். பாதி வசனம், உன்னைக் கூப்பிட்டதுதான்."

மாலையில் அவள் மூன்றாவது வரிசையில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழக்கதோஷம், மடியில் நோட்டு.

முதல் நாடகத்தில் தையல்காரர் திருடனாக வந்தார். இரண்டாவதில் அவரே போலீஸாக வந்தார். மீசை மட்டும் மாறியிருந்தது. மூன்றாவது, கணவர் எழுதியது. யாருக்கும் தலைவணங்காத ஒரு கணவன். கடைசியில் மனைவி அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பாள். கணவனாக அவர். மனைவியாக அவர் தங்கை.

நான்கு நிமிஷம் நன்றாகத்தான் போனது. பிறகு அவர் கையை உயர்த்தினார். கை உயர்ந்தபடியே நின்றது.

"ஏங்க பேசாம நிக்கிறீங்க?" என்றாள் தங்கை. அது வசனத்தில் இல்லை.

அவர் காதை அலமாரிப் பக்கம் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். அப்புறம் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் தையல்காரர் மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், கதவைச் சாத்துங்க!"

அரங்கம் சிரிப்பில் குலுங்கியது.

"சொல்லித் தொலையேன்மா. என் பிள்ளை முழிக்கிறான்" என்று மாமியார் இடித்தார்.

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு, அத்தை."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வசனம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் சொன்னால், காலையில் அவர் சொன்னது உண்மையென்று ஆகிவிடும்.

கணவர் மேடையின் ஓரத்துக்கு வந்தார். விளக்கு கண்ணைக் கூச, இருட்டில் மூன்றாவது வரிசையைத் தேடினார்.

"எல்லா வசனமும் எனக்கு மனப்பாடம்னு நெனச்சிட்டிருந்தேன்... எல்லாம் அந்த அலமாரிக்குள்ள இருந்திருக்கு. காலையில தப்பாப் பேசிட்டேன்... என்னை மன்னிச்சிடு!"

முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அவள் அவசரமாக நோட்டைப் புரட்டினாள். அந்தப் பக்கத்தில் அந்த மன்னிப்பு இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. கண் மங்கியது. எழுந்து நின்றாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, முழுக் குரலில், விட்டுப்போன வசனத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"இந்த வீட்டுல என் பேச்சுக்கு மறுபேச்சே கிடையாது!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. உயர்த்திய கையோடு அவர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். பழக்கம்.

தங்கை மண்டியிட வேண்டிய இடம் வந்தது. மண்டியிட்டாள், ஆனால் மூன்றாவது வரிசையைப் பார்த்து.

"அண்ணி! உங்க குரல் யாருக்குமே கேக்கல! அண்ணனுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தீங்க, எனக்குத் தரலேன்னு கோபம்... அதான் பொய் சொல்லிட்டேன்!"

"நீங்க எந்த வசனத்தையும் மறக்க மாட்டீங்களே!" என்றாள் இவள் அழுதபடி.

திரையை இழுப்பவர், இதுதான் முடிவு என்று நினைத்து இழுத்துவிட்டார்.

அவளும் மாமியாரும் திரைக்குப் பின்னால் போனதும், நாத்தனார் அவள் தோளில் விழுந்து அழுதாள். அரிதாரம் முழுக்க இவள் ரவிக்கைக்கு வந்தது. கணவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"அடுத்த தடவை நீ மேடைக்கு வா. நான் உள்ள உட்கார்றேன்."

"உங்களுக்கு மெதுவாப் பேச வராதுங்க."

"இடமும் பத்தாது" என்றார் மாமியார்.

அவள் மேடையிலிருந்த தன் சோபாவில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டைத் திறந்து, ஒரு வரி சேர்த்தாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவர் கேட்ட மன்னிப்பு.

"இதை எதுக்கு எழுதற?"

"அடுத்த தடவை மறந்துடுவீங்க" என்றாள்.