விழிமானி

செண்பகவல்லியின் கைபேசித் திரையில் இரண்டு முகங்கள் ஒளிர்ந்தன. மற்ற இடமெல்லாம் கரி பூசியதுபோல் இருட்டு. அது அவளுக்கு உறுத்தவில்லை. எல்லோருடைய திரையும் அப்படித்தான் இருந்தது.

மின்பங்கீடு வந்தபின் கைபேசிக்கு வாரத்தில் ஒருமுறைதான் மின்னூட்டம். அதில் பெரும்பங்கைத் திரையின் வெளிச்சமே தின்றது. அதற்கு விடையாக வந்ததுதான் விழிமானி. மனதுக்குப் பிடித்ததைப் பார்க்கையில் கண்ணின் பாவை சற்று விரியும். அதை அளந்து, விரும்பிப் பார்ப்பதற்கு மட்டும் அந்தச் சில்லு ஒளி கொடுத்தது. கண் தொடர்ந்து ஒதுக்குவதை மெல்ல மங்கவைத்து, கடைசியில் அணைத்தே விட்டது. ஓசூரில் அதை உருவாக்கிய குழுவின் தலைவி செண்பகவல்லி.

அவளுடைய அண்ணன் சொரிமுத்து தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்துக் கொட்டகையில் தனியாக இருந்தார். மனைவி இறந்தபின் தங்கையை அடிக்கடி அழைத்தார். மனைவியின் கடைசி நாட்களைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன செண்பகவல்லி, பேச்சினிடையே வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினாள். விழிமானி அதைக் கவனித்தது. அவர் முகம் மங்கியது. பின் அவர் பெயரும் அழைப்புகளும் இருளுக்குள் போயின. கைபேசியை மணியடக்கியே வைத்திருந்த அவளுக்கு, அவர் அழைப்பதே தெரியவில்லை. அண்ணன் ஒருவழியாகத் தேறிவிட்டார் போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் ஊர்ப்பக்கம் வெள்ளம் என்று கேள்விப்பட்டு அவள் அழைத்தபோது இணைப்பு கிடைக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினார். கொட்டகையின் தகரம் சொரிமுத்துவின் காலைக் கிழித்திருந்தது. படகு போய்ச் சேருவதற்குள் புண் சீழ்பிடித்து, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அவள் ஓடிப்போய்க் கட்டிலருகே நின்றாள். கூரைமேல் ஏறி நின்றபடி தங்கைக்குக் காட்சிச் செய்திகள் அனுப்பியதாக அவர் சொன்னார். கலெக்டர் ஆபீசில் சொல்லிப் படகுக்கு ஏற்பாடு செய்யும்படி அவளைக் கேட்டிருந்தாராம். அவள் கைபேசியில் தேடினாள். கறுப்புத் திரையில் விரலால் துழாவித் துழாவித்தான் அவை அகப்பட்டன. குரல் கேட்டது, படம் இருட்டாகவே ஓடியது.

"நான் பாக்கலண்ணே. என் போன்ல உங்க மூஞ்சி அணைஞ்சு போச்சு."

சொரிமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என் போன்லயும் உன் மூஞ்சி அணைஞ்சுதாம்ளா கெடக்கு," என்றார். "உன்னப் போட்டு இம்சை பண்ணுதோமேன்னு கூச்சம். சுவத்தப் பாத்துதான் பேசுவேன். அது எனக்கு உன்னப் பிடிக்கலன்னு நெனச்சிட்டு போல."

கூச்சமும் வெறுப்பும் கண்ணை ஒரேமாதிரி விலக்கும் என்பது அவளுடைய ஆய்வகத்தில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஓசூர் திரும்பியதும் நிர்வாகத்தோடு போராடி ஒரு மாற்றம் கொண்டுவந்தாள். அமைப்புகள் பக்கத்தில் 'அணையா முகம்' என்றொரு பொத்தான். அதை அழுத்தி ஒருவரைச் சேர்த்துவிட்டால், பார்த்தாலும் பாராவிட்டாலும் அவர் முகம் எரியும். அண்ணன் பெயரை முதலில் சேர்த்தாள். அவர் முகம் திரையில் வந்தபோது, தாடி முழுதும் நரைத்திருப்பதை அப்போதுதான் கண்டாள்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு காலையில் அவர் அழைத்தார். கட்டைக்கால் பொருத்திக்கொண்டு நடக்கப் பழகுவதாகச் சொன்னார். பிறகு, தயங்கித் தயங்கி, தன் கைபேசியிலும் அவள் முகத்தை எரியவைக்க முடியுமா என்று கேட்டார். அந்தப் பொத்தான் எங்கே என்று தெரியவில்லையாம்.

"அமைப்புகளுக்குள்ள போங்கண்ணே. அடியில இருக்கும்."

"போயிட்டேன். அடியில ஒரே கறுப்பாத்தான் இருக்கு, வல்லி."

வழிகாட்டுவதற்காகத் தன் கைபேசியிலும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அண்ணனைச் சேர்த்த நாளுக்குப் பிறகு அவளும் அதைப் பார்க்கவில்லை. அவளுக்கும் அங்கே இருட்டுதான். அலுவலகத்துப் புள்ளிவிவரத்தைத் திறந்து பார்த்தாள். கோடிக்கணக்கான திரைகளில் யார் கண்ணும் அந்தப் பொத்தானில் தங்கவில்லை. விழிமானி அதையும் அணைத்திருந்தது.

"இருக்கியா?" என்றார் சொரிமுத்து.

"இருக்கேண்ணே. கறுப்புலயே அமுக்கிப் பாருங்க," என்றாள் செண்பகவல்லி.