மூச்சின் ஈரம்

காலையில் திரைச்சீலையை விலக்கியபோதுதான் பேருந்து ஓட்டுநர் அதைக் கவனித்தார். ஜன்னலோரத் தொட்டிக்கொடியின் இலைகளெல்லாம் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவியின் பக்கம் திரும்பியிருந்தன.

மனைவி தாவர ஆராய்ச்சியாளர். நடைபாதை வெடிப்புகளிலும் பாலங்களின் அடியிலும் புகையைக் குடித்து, அனலைத் தாங்கி முளைக்கும் செடிகளைப் பல வருடங்களாகச் சேகரித்தவள். நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்ததும் ஆய்வுக்கூடத்திலிருந்து அவளோடு வீட்டுக்கு வந்தது இந்த ஒரு தொட்டிதான்.

"தண்ணி ஊத்தவே மறந்துட்டேன், மண்ணு கல்லாட்டம் இருக்கு. அப்புறம் எப்படி இவ்வளவு பச்சையா நிக்குது?" என்று கேட்டார் அவர்.

"ரோட்டோரத்துல வளர்ந்ததுங்க. மழையை நம்பி உக்காந்திருந்தா அது பிழைக்க முடியுமா? கிடைக்கிற ஈரத்தைக் குடிக்கப் பழகிடுச்சு." இருமி முடித்துச் சிரித்தாள். "இந்த ரூம்ல என் மூச்சு ஒண்ணுதானே ஈரம்!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டியைக் கூடத்துக்குத் தூக்கிப்போனார். அவள் அழுதாள்.

"என் வேலைன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதாங்க. கண்ணு முன்னாடியே இருக்கட்டுமே."

மனசு கேட்காமல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.

கொடி ஜன்னல் கம்பியை விட்டுக் கட்டில் காலைப் பிடித்தது. பிறகு தலையணையை. அவர் நறுக்க நறுக்க, நறுக்கிய இடத்தில் இரண்டாகக் கிளைத்தது. அவளோ உதடு வெடித்து, நாக்கு உலர்ந்து, எவ்வளவு புகட்டினாலும் "தாகமா இருக்குங்க" என்றாள்.

அன்று மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது மாலை மங்கியிருந்தது. ஒரு தூறல்கூடக் காணாத அந்தக் கோடையில், அறை முழுக்க நனைந்த மண்ணின் வாசனை. மின்விசிறியின் முனகலுக்கு அடியில், கரகரப்போ இழுப்போ இல்லாமல், குழந்தை தூங்குவதுபோல் சீராக ஏறி இறங்கும் மூச்சு. அப்பாடா என்று கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பற்றினார்.

சில்லென்றிருந்தது. விறைத்திருந்தது.

மூச்சு மட்டும் நிற்கவில்லை.

விளக்கைப் போட்டார். திறந்த வாய்க்குள் கொடி. தொண்டைவரை. இலைகள் விரிந்தன. மார்பு எழுந்தது. இலைகள் சுருங்கின. மார்பு தாழ்ந்தது.

கத்தரிக்கோலைத் தண்டில் வைத்தார். வெட்டினால் இந்தச் சத்தமும் நின்றுவிடும். இப்படி ஒரு மூச்சுக்காகத்தானே இத்தனை நாள்...

விரல்கள் தளர்ந்தன. கத்தரிக்கோல் தரையில் விழுந்தது.

"இப்ப வலிக்கலைதானேம்மா?"

அவள் தோளில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதார். துளிர்நுனி ஒன்று மெல்ல நீண்டு அவர் கன்னத்தைத் தொட்டது. கண்ணீர் வழிந்த தடத்திலேயே இறங்கியது. திறந்திருந்த அவர் உதட்டோரம் வந்து நின்றது.