சிங்கப்பூரைப் பார்த்த கம்பி

காசிமாயன் சோழவந்தானில் வந்து இறங்கியபோது நல்ல பகல். தான் வேலை பார்க்கும் மதுரை ரேடியோக் கடையிலிருந்து ரேடியோவும் பேட்டரியும் செம்புக்கம்பிச் சுருளும் கொண்டுவந்திருந்தான். ஒச்சாயி வீட்டு மாடியில் ஏரியல் கட்ட வேண்டும்.

ஒச்சாயியின் மகன் விருமாண்டி பட்டாளத்தோடு சிங்கப்பூர் போனவன். அந்த ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து கடிதம் இல்லை. சிறைபட்டவர்களின் பெயரை அங்கிருந்து ரேடியோவில் வாசிக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மகன் இருக்கிறானா, இல்லையா. அவளுக்கு அது தெரிய வேண்டும்.

"சிங்கப்பூருக்கு இம்புட்டுக் கம்பி எட்டுமா மாப்ள?" என்றான் அவள் கொழுந்தன் நல்லகாமன்.

"எட்ட வேணாம்ண்ணே. கம்பி குறுக்கால நின்னு அங்கிட்டுப் பாத்தாப் போதும்."

"நானும் அப்படித்தேன் நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

இரண்டு சவுக்குக் கம்பங்கள். நடுவே கம்பி. ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு காசிமாயன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினான். நல்லகாமன் கீழே ரேடியோ அருகிலிருந்து குரல் கொடுத்தான்.

"இரைச்சல்தேன்."

நகர்த்தினான்.

"இன்னமும் இரைச்சல்தேன்."

நகர்த்தினான்.

கீழே பேச்சில்லை.

முதலில் நாற்றம் வந்தது. வெயிலில் கிடந்த ஆட்டுக்குடலின் நாற்றம். கம்பி முழுக்க ஈ மொய்த்தது. கம்பத்தை இறுகக் கட்டிவிட்டுக் கம்பியைத் தொட்டான். வெதுவெதுப்பாக, கோழை போல வழவழப்பாக இருந்தது. விரலை வேட்டியில் துடைத்தான். பிசுக்குப் போகவில்லை.

இறங்கி வந்தான்.

ரேடியோ மென்றுகொண்டிருந்தது.

ஈரமான வாய். மென்று மென்று, பிறகு ஓர் உறிஞ்சல். இடையே எலும்பு நொறுங்கியது.

"அலையில ஏதோ கோளாறு ஆத்தா," என்றான் காசிமாயன்.

"கோளாறு இல்லப்பா." ஒச்சாயியின் முகம் மலர்ந்திருந்தது. "எம் மகன்தேன். கடவாப்பல்லு ஒண்ணு கெடையாது அவனுக்கு. இப்பிடித்தேன் உறிஞ்சி உறிஞ்சித் திம்பான். உசுரோட இருக்கான்யா."

நல்லகாமன் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினான்.

அவள் பெட்டியருகே குனிந்தாள். "என்னடா திங்கிற?"

மெல்லுவது நின்றது.

பெட்டிக்குள் எதையோ துப்பும் சத்தம். சத்தம் வரும் முகப்புத் துணி நனைந்தது. அதன் ஓரமாக ஒரு நகம் வழுக்கி மேசையில் விழுந்தது. மனித நகம். சதை ஒட்டியிருந்தது.

மறுபடி மெல்லத் தொடங்கியது.

காசிமாயன் மாடிக்கு ஓடிக் கம்பியை வெட்டினான். வெட்டிய முனைகள் சொட்டின.

திரும்பி வந்தபோது நல்லகாமன் பேட்டரியைப் பிடுங்கி வாசலில் எறிந்திருந்தான். ரேடியோ செத்துக் கிடந்தது.

மெல்லும் சத்தம் நிற்கவில்லை.

இப்போது அது தரையருகே கேட்டது. ஓர் ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில்.

ஒச்சாயி அதன் எதிரே வாழையிலை விரித்தாள். சோற்றைக் குவித்தாள். கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள்.

"வாயில இருக்கிறதத் துப்புடா சாமி," என்றாள் ரகசியம் போல. "ஆத்தா சோறு போட்ருக்கேன்ல."

தரையில் எதுவோ சொத்தென்று விழுந்தது.

காசிமாயன் அதைப் பார்க்கவில்லை. இலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சோற்றில் ஐந்து விரல்கள் பதிந்தன. குழம்பு அந்தக் குழிகளில் இறங்கியது.

ஒச்சாயி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.