உருகாத குழாய்

கதவைத் தட்டிய பெண்ணின் உடுப்பு முழுக்க ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. திறந்த கொழுந்தன் பதறிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"எங்கம்மா அடிபட்டுச்சு? உக்காருங்க, முதல்ல உக்காருங்க!"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. இது எங்க வீட்டுக்காரர் ரத்தம். செத்துப்போன டாக்டர் ரத்தமும் இதுல இருக்கு. அண்ணி இருக்காங்களா?"

அண்ணி என்றால் ஊருக்கே ஒருவர்தான். முறைப்படி அவர் கொழுந்தனுக்கு மட்டும்தான் அண்ணி. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் இவன் விடாமல் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், அவர் வேலை பார்த்த காவல் நிலையம் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றபின் தனியாகத் துப்பறிய ஆரம்பித்தார். கொழுந்தன் தன் டயர் கடையை வேலையாட்கள் தலையில் கட்டிவிட்டு அவருக்குக் கார் ஓட்டினான். பாதித் துப்பு தன்னால்தான் துலங்குகிறது என்பது அவன் நினைப்பு. அண்ணி அந்த நினைப்பைக் கெடுத்ததில்லை.

வந்தவள் ஒரு தச்சரின் மனைவி. அண்ணி எதிரே உட்கார்ந்ததும் கொட்டித் தீர்த்தாள்.

"என் பொண்ணுக்குக் கடைவாய்ப் பல்லு புடுங்கினோம். ரெண்டு மூணு மாசத்துல கண்ணெல்லாம் மஞ்சள். ரத்தத்துல தொத்துற காமாலை, கல்லீரலைத் தின்னுக்கிட்டிருக்குன்னு பெரிய ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ரத்தம் ஏத்தினீங்களா, ஊசி போட்டீங்களான்னு கேட்டாங்க. எதுவுமே இல்லை, பல்லு மட்டும்தான்னேன். இவருக்குப் புரிஞ்சுபோச்சு. நேத்து என்னையும் இழுத்துக்கிட்டு அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. நாற்காலியை எட்டி உதைச்சாரு, உன்னைக் கொல்லாம விடமாட்டேன்னு கத்தினாரு. பத்துப் பேர் முன்னாடி!"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அந்தப் பெரிய டாக்டர் நல்ல மனுஷன்மா. இவர் கையைப் புடிச்சுக்கிட்டு, 'என் ஆஸ்பத்திரியில தப்பு நடந்திருந்தா நானே சொல்றேன். இப்பவே பாக்குறேன், வெளியில இருங்க'ன்னாரு. நாங்க தெருவுல நின்னோம். உள்ள ஒரு அலறல். இவர்தான் முதல்ல ஓடினாரு. டாக்டர் கழுத்து கிழிஞ்சு கிடந்தாராம். இவர் கையால அடைச்சுப் புடிச்சிருக்காரு. பின்னாடி வந்தவங்க அதைப் பாத்து..." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "நாற்காலியாலயே அடிச்சாங்கம்மா. தாடை ரெண்டா போச்சு. வாயைத் திறந்து நான் இல்லைன்னு சொல்லக்கூட முடியல. கட்டில்ல விலங்கு போட்டு வச்சிருக்காங்க. நான் சொன்னா, பொண்டாட்டி சாட்சி எடுபடாதுங்கிறாங்க. பொண்ணு அப்பா எங்கேன்னு கேக்குறா. நான் என்ன சொல்லுவேன்?"

கொழுந்தனுக்குக் கண் கலங்கியது. "விடாதீங்க அண்ணி!" என்றான், அண்ணி ஏதோ விட்டுவிட்டதுபோல.

"காரை எடுங்க தம்பி" என்றார் அண்ணி.

பல் மருத்துவமனை ஒரு நீளமான கட்டடம். முன்னால் நோயாளிகள் காத்திருக்கும் கூடம். அதிலிருந்து ஒரு நடை உள்ளே போனது. நடையின் முதல் அறை சிகிச்சைக்கு, அடுத்தது எக்ஸ்ரேக்கு, கடைசி அறை கருவிகளைச் சுத்தம் செய்வதற்கு. பின்வாசல் கிடையாது. கூடத்தில் இருந்தவர்கள் கண்ணில் படாமல் ஓர் ஈகூட உள்ளே போயிருக்க முடியாது.

இன்ஸ்பெக்டர் அண்ணியிடம் வேலை பழகியவர். மரியாதையாக வரவேற்றாலும் முகத்தில் அலுப்பு இருந்தது.

"வீண் வேலை அண்ணி. கொல்லுவேன்னு சொன்னான், கொன்னுட்டான். அலறல் முதல்லயா, அவன் ஓடினது முதல்லயான்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஆனா ரத்தத்தோட பாத்தது அத்தனை பேரும்."

சிகிச்சை அறைக்குள் எட்டிப்பார்த்த கொழுந்தன் சட்டென்று கதவைப் பிடித்துக்கொண்டான். உடலை எடுத்துவிட்டார்கள், மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. நாற்காலியின் தலைப்பக்கம் ரத்தம் கட்டி கட்டியாக உறைந்திருந்தது. மேலே தொங்கிய விளக்கிலும் சுவரிலும் தெறித்திருந்தது. தரையில் இழுபட்ட கைத்தடம். பெரிய டாக்டர் உயிருக்குப் போராடித்தான் செத்திருக்கிறார். அவருடைய முன்பல் ஒன்று சுவரோரம் கிடந்தது.

"எதால குத்தினான்?" என்றார் அண்ணி.

"பல்லை நெம்புற இரும்பு. கழுத்துல, முகத்துல, எண்ண முடியாத அளவுக்கு. அதோ, அந்த டப்பாவுக்குள்ள கிடந்துச்சு. கைரேகையை அழிக்கப் போட்டிருக்கான்."

அது பயன்படுத்திய கருவிகளைக் கிருமிநாசினியில் ஊறவைக்கும் மூடி போட்ட டப்பா. உள்ளே திரவம் சிவந்திருந்தது.

"ஆத்திரத்துல குத்தினவன் இரும்பை வீசிட்டுப் போவான். இவன் மூடியைத் திறந்து, ஊறப்போட்டு, திரும்ப மூடியும் வச்சிருக்கானே" என்றார் அண்ணி. பிறகு மூலையில் இருந்த மஞ்சள் குப்பைத்தொட்டியைப் பார்த்தார். "அதுல என்ன கிடைச்சது?"

"ஒரு பிளாஸ்டிக் மேலங்கியும் கையுறையும். எல்லாத்துலயும் ரத்தம். போட்டுக்கிட்டுக் கொன்னிருக்கான்."

இன்ஸ்பெக்டர் காட்டிய பையில் மேலங்கி உள்பக்கம் வெளியே தெரியச் சுருட்டப்பட்டிருந்தது. கையுறை இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே பந்தாக இருந்தன. ரத்தமெல்லாம் பந்துக்கு உள்ளே போயிருந்தது.

"மேலங்கியும் கையுறையும் போட்டவன் சட்டையும் கையும் எப்படி அண்ணி ரத்தமாச்சு?" என்றான் கொழுந்தன்.

"சபாஷ். அதைத்தான் நானும் கேக்கணும்னு நெனச்சேன்" என்றார் அண்ணி. கொழுந்தன் இன்ஸ்பெக்டரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

மருத்துவமனையின் மற்ற இருவரும் கூடத்தில் காத்திருந்தார்கள். ஒருவர் நடுவயது நர்ஸம்மா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இன்னொருவர் சின்ன டாக்டர், இறந்தவரின் மருமகன். தூக்கமில்லாத கண்கள், மடிப்புக் கலையாத சட்டை. மருத்துவமனை நிர்வாகம் முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது.

அண்ணி புதுக் கையுறைகளை எடுத்து நர்ஸம்மாவிடமும் கொழுந்தனிடமும் கொடுத்தார். "ரெண்டு பேரும் போட்டுட்டுக் கழட்டுங்க."

கொழுந்தன் ஒவ்வொரு விரலாகப் பிடித்து இழுத்தான். ஒன்று பட்டென்று அறுந்து இன்ஸ்பெக்டர் மூக்கில் அடித்தது. நர்ஸம்மா என்ன ஏது என்று யோசிக்காமலே இரண்டு இழுப்பில் முடித்துவிட்டார். ஒரு கையுறைக்குள் இன்னொன்று போய், பந்தாகி, அவர் உள்ளங்கையில் இருந்தது.

"இது பழக்கம்" என்றார் அண்ணி. "வெளியில இருக்கிற அழுக்கு தன் மேல படாம கழட்டுற பழக்கம். தினமும் செய்றவங்களுக்குக் கொலை பண்ணின பதட்டத்துலயும் கை தானா அப்படித்தான் போகும். தச்சருக்கு இது தெரியாது. இதே வேலையா இருக்கிறவங்கதான் கொன்னிருக்காங்க."

இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் தலைகீழாகப் புரிந்துவிட்டது. பாய்ந்துபோய் நர்ஸம்மாவைத் தோளைப் பிடித்துச் சுவரோடு மோதினார். "எங்கடி இருந்தே நீ?"

"எக்ஸ்ரே ரூம்ல! தனியாத்தான் இருந்தேன். சத்தியமா நான் இல்லைங்க!" நர்ஸம்மாவின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

"இதை நான் சொல்ல வேண்டாம்னு இருந்தேன்" என்றார் சின்ன டாக்டர், தணிந்த குரலில். "கருவியெல்லாம் சரியா சுத்தம் ஆகலைன்னு மாமாவுக்கு இவங்க மேல சந்தேகம். வேலையை விட்டு அனுப்பறதா இருந்தாரு."

"கையை எடுங்க இன்ஸ்பெக்டர்" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை, ஆனால் இன்ஸ்பெக்டர் கை தானாக விலகியது. "சின்ன டாக்டரே, நீங்க எங்க இருந்தீங்க?"

"கடைசி ரூம்ல. ஆட்டோகிளேவ் ஓடிக்கிட்டிருந்தது. அது போடுற இரைச்சல்ல வெளியில இடி விழுந்தாலும் கேக்காது. அது நின்ன பிறகுதான் கூச்சல் கேட்டு ஓடி வந்தேன். உள்ள வச்சதை இன்னும் வெளியிலகூட எடுக்கலை. போலீஸ் ரூமைப் பூட்டிட்டாங்க."

எல்லோரும் கடைசி அறைக்குப் போனார்கள். ஆட்டோகிளேவ் என்பது கொதிநீரைவிடச் சூடான ஆவியில் கருவிகளை வேகவைத்துக் கிருமியைக் கொல்லும் இரும்புப் பெட்டி. இன்ஸ்பெக்டர் அதன் கனத்த கதவைத் திறந்தார். உள்ளே காகிதமும் கண்ணாடித் தாளும் ஒட்டிய உறைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வோர் உறையிலும் ஒரு தொகுதிக் கருவி. உறைமேல் ஓர் அம்புக்குறி பழுப்பாகத் தெரிந்தது.

"பாருங்க" என்றார் சின்ன டாக்டர். "புது உறையில இந்தக் குறி இளஞ்சிவப்பா இருக்கும். ஆவி பட்டாத்தான் பழுப்பாகும்."

"அப்போ மிஷின் ஓடியிருக்கு" என்று இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டார்.

கொழுந்தன் ஓர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன அண்ணி, வாயெல்லாம் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கு? பரிசுப் பொட்டலம் மாதிரி."

அண்ணி அந்த உறையைக் கையில் வாங்கினார். உள்ளே வாய்க் கண்ணாடி, கொக்கி, இடுக்கி, கூடவே எச்சிலை உறிஞ்சும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று. "நர்ஸம்மா, இதையெல்லாம் உறையில போடுறது யாரு?"

"முன்னெல்லாம் நான்தாங்க. மிஷினைப் பழுது பாத்தாச்சுன்னு சொன்னதுக்கு அப்புறம் சின்ன டாக்டர் என்னைக் கிட்டவே விடலை. நானே பாத்துக்கிறேன்னுட்டாரு."

"இந்தக் குழாய் எப்பவும் கருவியோட வேகுமா?"

"இல்லைங்க, அது தனியா வரும். ஒரு ஆளுக்கு ஒண்ணு, அப்புறம் குப்பை. இவர்தான் மொத்தமா ஒரே உறையில போட்டுட்டா எடுக்கச் சுலபம்னாரு. சூட்டுல என்ன ஆகும்னு கேட்டேன். இது புது மாதிரி, ஒண்ணும் ஆகாதுன்னாரு."

அலமாரியில் தேநீருக்கான மின்கெட்டில் இருந்தது. அண்ணி தண்ணீர் கொதிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு ஆட்டோகிளேவிலிருந்த உறையைப் பிரித்து, குழாயை இடுக்கியால் எடுத்துக் கெட்டிலுக்குள் விட்டார். சற்று நேரத்தில் வெளியே எடுத்தபோது அது விறைப்பெல்லாம் போய்த் துவண்டு, ஈரத்துணிபோலத் தொங்கியது.

"வெறும் கொதிநீருக்கே இந்தக் கதி" என்றார் அண்ணி. "ஆவி இதைவிடச் சூடு. நேத்து இந்தப் பெட்டி ஓடியிருந்தா அத்தனை குழாயும் சுருண்டு ஒட்டியிருக்கணும். எல்லாம் விறைப்பா நிமிர்ந்திருக்கு. மிஷின் ஓடலை."

"ஆனா குறி பழுப்பா இருக்கே அண்ணி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெந்த உறைதான். என்னைக்கோ, மிஷின் நல்லா இருந்த காலத்துல வெந்தது. பிரிச்சுத் தூக்கிப் போட வேண்டிய பழைய உறையை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவின கருவியை உள்ள வச்சு, கிழிஞ்ச வாயை செலோடேப்பால ஒட்டியிருக்காரு. பழுப்புக் குறியைப் பாத்து நர்ஸம்மாவும் நம்பினாங்க, பெரியவரும் நம்பினாரு. சூடே படாதுன்னு தெரிஞ்சதால பிளாஸ்டிக் குழாயையும் தைரியமா உள்ள போட்டாரு. மிஷின் பழுதாகி மாசக்கணக்கா ஆகுது. இல்லையா டாக்டர்?"

சின்ன டாக்டரின் கண் மேசைமேல் கிடந்த உறைகள் பக்கம் போனது.

"நேத்து தச்சர் வந்து கத்தினதும் பெரியவர் நேரா இங்கதான் வந்திருப்பாரு. பெட்டியில கையை வச்சா சில்லுன்னு இருந்திருக்கும். உங்களைச் சிகிச்சை ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்காரு. அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட இப்பவே சொல்லப்போறேன்னு கிளம்பியிருக்காரு. நீங்க விடலை, வாயைப் பொத்திக் குத்தினீங்க. அடுத்த நோயாளிக்காகப் போட்டிருந்த மேலங்கியும் கையுறையும் உங்க மேல இருந்துச்சு. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு நீங்க வெளியேறினப்புறம்தான் பெரியவர் கடைசியா அலறியிருக்காரு. தச்சர் உள்ள வர்றதுக்குள்ள இங்க வந்து, அலமாரியில இருந்த உறையையெல்லாம் பெட்டிக்குள்ள திணிச்சுட்டீங்க. இரைச்சல்ல கேக்கலைன்னு சொல்ல ஒரு மிஷின் வேணுமே."

"ஆஸ்பத்திரியை மூடணும்னாரு!" சின்ன டாக்டர் குரல் கிறீச்சிட்டது. "வந்த ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டுச் சொல்லணும்னாரு! இருபது வருஷப் பேரு! ஒரு கூலிக்காரன் பொண்ணுக்காக..."

பேசிக்கொண்டே மேசைமேல் இருந்த ஓர் உறையைக் கிழித்தார். கத்தி மின்னியதைக் கொழுந்தன்தான் பார்த்தான். அண்ணியைத் தள்ளிவிட்டுக் குறுக்கே விழுந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சதை பிளந்து ரத்தம் பீறிட்டது. அடுத்த வீச்சு வருவதற்குள் அண்ணி கொதிநீர்க் கெட்டிலை அப்படியே சின்ன டாக்டர் முகத்தில் வீசினார். அவர் வீரிட்டுக்கொண்டு முகத்தைப் பொத்தினார். இன்ஸ்பெக்டர் அவர் தலையைப் பிடித்து ஆட்டோகிளேவ் கதவில் மோதினார். மூக்கு நொறுங்கிய சத்தம் கேட்டது. சின்ன டாக்டர் சரிந்து விழுந்தார்.

நர்ஸம்மா ஓடிவந்து கொழுந்தன் கையை இறுக்கிக் கட்டினார். அவன் வெளிறிப்போய்த் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, அந்தக் கத்தி வெந்த கத்திதானே?"

அண்ணி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் தச்சரின் விலங்கைக் கழற்றினார்கள். கம்பி வைத்துக் கட்டிய தாடையோடு அவர் எழுந்து உட்கார்ந்தார். அவரை மகள் இருக்கும் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சக்கர நாற்காலி வந்தது. கையில் தடுப்பூசியும் தையலுமாகக் கொழுந்தன் பக்கத்தில் நின்றான். ரத்தப் பரிசோதனையை மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

வார்டு வாசலில் ஐந்தாறு பேர் தலைகுனிந்து நின்றார்கள். முந்தாநாள் நாற்காலி எடுத்து அடித்தவர்கள். அவர்களில் ஒருவன் முன்னால் வந்து தச்சரின் மனைவியைக் கும்பிட்டான்.

"தெரியாம பண்ணிட்டோம் தங்கச்சி. அந்த டாக்டர் எங்களுக்கு சாமி மாதிரி. குடும்பத்தோட அவர்கிட்டதான் பல்லு காட்டுவோம். அந்த ஆத்திரத்துல... நீ என்ன திட்டினாலும் சரி."

அவள் நேற்று முழுவதும் அவர்களைச் சபித்துக்கொண்டிருந்தவள். இன்று அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திட்டுவதற்கு வாய் வரவில்லை.

"ரத்தம் பாக்குற இடம் கீழ இருக்கு. வரிசை பெருசாகுறதுக்குள்ள போங்க. புள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

கும்பிட்டவனின் கை மெல்லக் கீழே இறங்கியது. அவன் நாக்கால் தன் கடைவாயைத் துழாவிக்கொண்டு நின்றான்.