சும்மா கிடந்த கணினியில் ஒன்று

எந்த வேலையும் தராமல் சும்மா விட்டிருந்த கணினி, பளு ஒன்று என்று காட்டியது. பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும்.

பளு என்பது கணினி எவ்வளவு உழைக்கிறது என்பதன் அளவு அல்ல. எத்தனை வேலைகள் ஓடுகின்றன, எத்தனை வரிசையில் நிற்கின்றன என்று தலைகளை எண்ணிச் சராசரி பார்ப்பதுதான். கேட்ட தகவல் வந்துசேரும்வரை அசையாமல் தூங்கும் வேலைகளும் அதில் சேரும். அவற்றைத் தட்டியெழுப்ப முடியாது. கொன்றுவிடு என்ற கட்டளைகூட அவற்றின் காதில் விழாது. இந்தக் கணக்கை எழுதிய புரோகிராமர் வேலைகளின் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஓடுவது இல்லை, நிற்பது இல்லை, தூங்குவதும் இல்லை. ஆனாலும் ஒன்று.

"இன்னுமா?" ஓசையில்லாமல் நடப்பதால் பூனை என்று பெயர் வாங்கிய பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். "சாயங்காலத்துக்குள்ள பூஜ்யம் வரலைன்னா நாளைக்கு உன் சீட்டுல வேற ஆளாம். மேனேஜர் சொல்லிட்டாரு. எங்க தப்புன்னு தேடாத. கடைசியில வர்ற எண்ணுல ஒண்ணைக் கழிச்சு விட்டுடு."

"உள்ள நிஜமாவே ஏதாவது காத்துக்கிட்டு இருந்தா?"

"இருந்துட்டுப் போகட்டும். உன் மாமியாரா உள்ள உக்காந்திருக்காங்க?"

புரோகிராமர் சிரித்துக்கொண்டே கழித்தான். நிரலில் ஒரே வரி. பூஜ்யம் வந்தது.

ஏசியின் இரைச்சலுக்கு அடியில், விசிறிகள் கக்கிய சூடான தூசி வாசனையோடு, காலையிலிருந்தே ஒரு சன்னமான மூச்சு ஓடிக்கொண்டிருந்ததை, அது நின்றபோதுதான் அவன் கவனித்தான்.

ஆள் இருந்தால் எரியும் விளக்கு தலைக்கு மேல் அணைந்தது. கையை ஆட்டினான். எரியவில்லை.

மேனேஜர் வந்தார். "எங்கேப்பா அவன்?"

பூனை, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியை நேராகப் பார்த்தான். "சொல்லாமக் கிளம்பிட்டான் போல, சார்."

"பூஜ்யம் வந்திருக்கே. வேலை போகாதுன்னு சொல்லலாம்னு வந்தேன்."

நாற்காலியில் இருந்தவன் சார் என்று கூப்பிட்டான். குரல் வெளியே வரவில்லை. எழப் பார்த்தான். கால் வரவில்லை. கதவு சாத்தும் சத்தம். பூட்டு.

மேசையில் போன் அதிர்ந்தது. மனைவி. கை நீளவில்லை. மறுபடி அதிர்ந்தது. நின்றது.

மேசைக்கு அடியில், அவன் முழங்காலை ஒட்டி, ஏதோ அசைந்தது. ஈரமான முடி. கத்துவதற்காகத் திறந்து, அப்படியே நின்றுபோன வாய். அது அவனை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு, கூட்டமான பேருந்தில் நகர்வதுபோல், சற்றே ஒதுங்கி அவனுக்கு இடம் விட்டது.