பத்து நாற்பது கைநாட்டு

செல்போன் அலறியது.

எடுக்க வேண்டியவன் செத்துப் போயிருந்தான்.

கட்டிலில், போர்வைக்குள், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியபடி கிடந்தான். விடிகாலை ஐந்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன், "தண்ணி..." என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். மனைவி சொம்போடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது மணி ஒன்பதரை. நாலரை மணி நேரமாக அவள் அழவில்லை.

கல்நெஞ்சக்காரி என்று அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள்! அழுதால் பக்கத்து அறைக்குக் கேட்கும். அங்கே கேட்டால் தெரு முழுக்கத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால்... வீடு போய்விடும்.

இருபது வருஷமாக ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்த கொத்தனார் அவன். அவனுக்கு வாய்த்ததோ தகரக் கூரை போட்ட வாடகை அறை. அவள் கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். இவர்களைப் போன்றவர்களுக்கென்றே ஓர் அறக்கட்டளை சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டி, குறைந்த விலைக்கு, நீண்ட தவணையில் கொடுத்துக்கொண்டிருந்தது. வீடு வேண்டுமென்றால் அந்தக் குடும்பம் நானூறு மணி நேரம் அங்கேயே கட்டட வேலை செய்ய வேண்டும். ஆறு நாள் கூலிக்குக் கரண்டி பிடித்தவன், ஏழாவது நாளும் கரண்டி பிடித்தான். போன ஞாயிற்றுக்கிழமைதான் நானூறு முடிந்தது.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்குச் சாவி.

ஆனால் குடும்பத்தில் இரண்டு சம்பளம் இருந்தாக வேண்டும். முதல் நேர்காணலிலேயே அறக்கட்டளை மேடம் அதைக் கறாராகச் சொல்லியிருந்தாள். ஒரு வீட்டில் புருஷன் ஓடிப்போனான் என்று தெரிந்ததும், அந்தக் குடும்பத்தின் பெயரை அடித்தேவிட்டார்கள்.

ஓடிப்போனவனுக்கே அந்தக் கதி என்றால், செத்துப்போனவனுக்கு?

எட்டு மணிக்கு மகள் பள்ளிக்கூடம் கிளம்பினாள். அப்பா அசந்து தூங்குகிறார், எழுப்பாதே என்றாள் இவள். அந்தப் பெண்ணும் கட்டிலைப் பார்த்து, "போயிட்டு வரேன்ப்பா" என்று போர்வையிடம் சொல்லிவிட்டுப் போனது. அப்போது மட்டும் இவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

செல்போன் மறுபடியும் அலறியது. எடுத்தாள்.

மேடம்தான். கைரேகை வைக்க இரண்டு பேரும் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாள். இவள் காய்ச்சல் என்றாள். நிற்கக்கூட முடியவில்லை என்றாள். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கெஞ்சினாள்.

"அதெப்படி முடியும்? சரி விடு, நானே ஃபைலை எடுத்துட்டு அங்க வரேன்."

ஓடிப்போய், போர்வையை அவன் தலைவரை இழுத்து மூடினாள்.

பத்தரைக்கு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஃபைலும் கையுமாக மேடம். இவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும், உள்ளே வர வேண்டாம் என்று உளறினாள்.

மேடம் அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டில்... போர்வை... வெளியே தொங்கிய பாதம். ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தாள்.

பிறகு, மை டப்பாவைத் திறந்து, பத்திரத்தோடு நீட்டினாள்.

"நான் ஏன் உள்ள வரணும்? உன் ரேகையை வெச்சுட்டு, அவரோடதையும் நீயே வாங்கிட்டு வா."

இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேடத்தைத் தெய்வமாகவே நினைத்துவிட்டாள், பாவி!

தன் ரேகையை வைத்துவிட்டு அவன் கையை எடுத்தாள். அது விறைக்கத் தொடங்கியிருந்தது. சிமென்ட் தின்று தின்று ரேகையே தேய்ந்துபோன கட்டை விரல். அதைப் பிரித்து மையில் தோய்த்து, பத்திரத்தில் வைத்து அழுத்தினாள். கறுப்பாக ஒரு கறை விழுந்தது. உயிரோடு இருந்தபோதும் அவனுக்கு இப்படித்தான் விழும்.

"மன்னிச்சிடுய்யா. நம்ம புள்ளைக்குத்தான்" என்று அவன் காதில் சொன்னாள்.

மேடம் பத்திரத்தை வாங்கி, அதன் அடியில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

பதினொன்றேகாலுக்கு வாசலில் போலீஸ் ஜீப்!

இன்ஸ்பெக்டர் முன்னால் இறங்கினார். அவர் பின்னாலேயே மேடம். இன்ஸ்பெக்டர் போர்வையை விலக்கிப் பார்த்தார். கழுத்தில் கை வைத்தார். விரலில் இருந்த மையைப் பார்த்தார்.

"எப்ப இறந்தாரு?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. அஞ்சு மணிக்கு என்றாள். சத்தியமாக நான் எதுவும் செய்யவில்லை, நெஞ்சுவலிதான், வீடு போய்விடுமே என்றுதான் மறைத்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"பொய் ரேகைன்னா ஒதுக்கீடு ரத்து சார். எங்க விதி அப்படி" என்றாள் மேடம்.

இன்ஸ்பெக்டர் ஃபைலைக் கேட்டு வாங்கினார். அன்றைய பத்திரங்கள், விதிப் புத்தகம், காத்திருப்போர் பட்டியல் எல்லாம் அதில்தான் இருந்தன. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆற அமரப் படித்தார். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் நிமிரவே இல்லை.

"ஏம்மா, இந்த விதிப் புத்தகத்தை உங்களுக்கு யாராவது படிச்சுக் காட்டினாங்களா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"பதினாலாவது விதி. நானூறு மணி நேரம் முடிச்ச ஆளு சாவி வாங்குறதுக்கு முன்னாடி இறந்துட்டா... வீடு அந்தக் குடும்பத்துக்கே. தவணையும் கட்ட வேண்டாம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

காலை ஐந்து மணிக்கு வாய்விட்டு அழுதிருந்தால் போதும். வீடு அவளுடையது! அழாமல் இருந்து தொலைத்துவிட்டாள்.

"மேடம், உங்களுக்கு இந்த விதி தெரியும்தானே?"

"எல்லா விதியும் ஞாபகத்துல இருக்குமா சார்?"

"சரி. இன்னிக்கு மொத்தம் பன்னிரண்டு பத்திரம். பதினொண்ணுல வெறும் தேதிதான் போட்டிருக்கீங்க. இதுல மட்டும், காலை 10.40-ன்னு நேரமும் போட்டிருக்கீங்களே?"

ஃபைலைத் திரும்ப வாங்க மேடம் கை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் கொடுக்கவில்லை.

"செத்ததுக்கு அப்புறம் வெச்ச ரேகைன்னு காட்ட வேண்டியிருந்தது. அதானே? உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க."

தயங்கித் தயங்கிக் கொடுத்தாள்.

"10.52, எங்க ஸ்டேஷனுக்கு. 10.55, 'தங்கச்சி'ன்னு ஒரு நம்பருக்கு. அதே நம்பர் உங்க காத்திருப்போர் பட்டியல்ல முதல் ஆளோட நம்பராவும் இருக்கு. இந்தம்மா பேரு போனா, அடுத்த வீடு உங்க தங்கச்சிக்கு."

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சமாளித்தாள். பொய் ரேகை வைத்தது அவள்தானே, தான் பார்த்துக்கொண்டு நின்றதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை என்று கேட்டாள்.

"பார்த்துட்டு மட்டும் நிக்கலையே. 'என் முன்னிலையில் சுயநினைவோடு வைத்த கைரேகை'ன்னு கீழே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. செத்தவருக்குச் சுயநினைவு இருந்துச்சுன்னு சாட்சி சொன்ன ஒரே ஆள் நீங்கதான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

"சார்... என் வீடு?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நடந்ததை நடந்தபடி எழுதுவேன், அறக்கட்டளைக்கும் சொல்லிப் பார்ப்பேன் என்றார். ஆனால் பொய் ரேகை பொய் ரேகைதான், உங்களுக்கும் கிடைக்காது, இவங்க தங்கச்சிக்கும் கிடைக்காது, பட்டியலில் அதற்கடுத்த ஆளுக்குத்தான் போகும் என்றார். அடக்கமெல்லாம் முடிந்த பிறகு ஸ்டேஷனுக்கு வந்தால் போதும் என்று அவளிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

அதன் பிறகுதான் அவள் அழுதாள். ஆறரை மணி நேரத்து அழுகை. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, தகரக் கூரை அதிர, தெருக்கோடிவரை கேட்கும்படி அழுதாள். மறைக்க இனி எதுவும் பாக்கி இல்லை.

வாசலில் மேடம் ஜீப்பில் ஏறாமல் முரண்டு பிடித்தாள். வக்கீலைக் கூப்பிட வேண்டும் என்றாள், பெரிய இடத்து ஆட்களைத் தெரியும் என்றாள். இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஏறுங்க மேடம். எங்ககிட்டயும் ரூம் கிடைக்கும்... காத்திருப்போர் பட்டியல் எல்லாம் கிடையாது, இன்னிக்கே குடிபோயிடலாம்!"